இரண்டு மில்லிமீட்டர்

தங்கச்சிமடம் ஐஸ் கம்பெனியின் டோக்கன் அறையில்
பிளைவுட் பெட்டிக்குள் பழைய டிவியை நெட்டுக்குத்தாக நிறுத்தி
காலிங்பெல் பொத்தான் மூன்றைத் திருகி
ஜெனோவா செய்த விளையாட்டுக்குப் பெயர் ‘கோடு’.

ஐந்து ரூபாய் போட்டால் ஒரு விசைப்படகு வரும்.
வலப்பக்கம் ஒரு கோடு நிற்கும்.
தொடக் கூடாது.
மீனெல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் துள்ளும்.
மூன்றாம் கட்டத்திலிருந்து கோடு நகரும்,
யாரிடமும் சொல்லாமல்.

அதைப் படமாக அடித்துக் கேட்டாள்.
என்னிடம் இருப்பது ஒரு ரைசோ.
ராமநாதபுரத்துப் பள்ளிக்கூடம் ஏலத்தில் கழித்தது.
பன்னிரண்டு வருஷம் காலாண்டு, அரையாண்டு என்று
கேள்வியாகவே துப்பிய எந்திரம்.
ஒரு பதிலும் அடித்ததில்லை.

“உன் திரையில எத்தனை நிறம்?”
“பதினாறு.”
“என்கிட்ட ரெண்டு உருளை. நீலம்.
அப்புறம் கண்ணைக் குத்துற ரோஸ்.”
நகத்தைக் கடித்தபடி எந்திரத்தைச் சுற்றி வந்தாள்.
“கடலுக்கு ஒண்ணு, கோட்டுக்கு ஒண்ணு. போதும்.”

முதலில் நீலம்.
உருளையைச் சுற்றிய தாளில் ஊசிக்கண்கள் திறந்து
கடல் சொட்டுச் சொட்டாக இறங்கியது.
அவள் சதுரம் சதுரமாகக் கட்டிய அலைகள்
என் எந்திரத்தில் புள்ளி புள்ளியாக உடைந்தன.
அருகில் பார்த்தால் கொசுக்கடி.
நாலடி தள்ளி நின்றால் ஆழம்.

திரையில் எறும்பு மாதிரி இருந்தது
தாளில் பெருத்தபின் எழுத்தானது:
படகின் முகப்பில் ஒரு பதிவு எண்.
“யாருது?”
“அண்ணனோடது. அவன் வந்துட்டான்.
படகு இன்னும் அங்கதான் நிக்குது.
மண்ணு ஏறிடுச்சாம்.”
அடுத்த கட்டுத் தாளைப் பிரித்து விசிறினாள்.

வாடைக்காற்று நாள்.
நூற்றிருபது தாளும் ஈரம் குடித்து
அப்பளம் மாதிரி ஓரம் தூக்கிக்கொண்டன.
மை காயவில்லை. இந்த மை எப்போதுமே
முழுசாகக் காயாது; தொட்டவர் விரலோடு கொஞ்சம் போகும்.
ராத்திரி இரண்டு முறை கரண்ட் போய் வந்தபின்
ரோஸ் உருளையைப் பொருத்தினோம்.

எழுபது தாள் வரைக்கும் கோடு தன் இடத்தில் நின்றது.
எழுபத்தொன்றில்
தாள் சற்றே சாய்ந்து உள்ளே போக
கோடு இரண்டு மில்லிமீட்டர் இடது பக்கம் வந்தது.
படகு அந்தப் பக்கம்.
ஒரு துளி டீசல் செலவில்லாமல்.

திருகைத் திருப்பினேன், சரி செய்தேன்,
மறுபடியும் வந்தது.
சில தாளில் முகப்பு மட்டும்.
சிலதில் முழுப் படகும், வலையோடு.
நீலமும் ரோஸும் ஏறிய இடம்
நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம்.

கடலுக்குப் போகாத நாளில்
டோக்கன் ஜன்னல் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள்.
நல்ல அச்சு நூறு, தள்ளிப்போனது ஐம்பது என்று
நான் எழுதி வைத்த அட்டையை
சந்தியாகு அண்ணன் திருப்பி வைத்தார்.
தள்ளிப்போனதில் ஒன்றை உருவினார்.
“இதுதான் சரியா விழுந்திருக்கு.
நாங்க எங்க தாண்டுனோம்?
அதுல்ல வந்து எங்க மேல ஏறுச்சு.”
நூறு ரூபாய்த் தாளை மேஜையில் வைத்தார்,
மீதி வாங்கவில்லை.

சாயங்காலத்துக்குள் கோணல் எல்லாம் போயிற்று.
நேராக வந்தவை மிஞ்சின.
ஒரு பையன் மட்டும் கேட்டான்,
இதில் அதிக மார்க் எடுத்தது யாரென்று.
ஜெனோவா சொன்னாள்:
“ஏழாம் கட்டத்துக்கு மேல நானே போனதில்ல.”

கட்டின் அடியில் இன்னொரு தாள் இருந்தது.
இரண்டு தாள் ஒட்டி ஒன்றாக நுழைந்ததில்
ரோஸ் படாமல் தப்பியது.
கடல், படகு, மீன். அவ்வளவுதான்.
நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவள் எட்டிப் பார்த்தாள்.
“இதை விளையாட முடியாதே” என்றாள்.

டோக்கன் போடும் ஹமீதுக்குத் தாள் தீர்ந்திருந்தது.
வாங்கிக் கவிழ்த்து அதன் முதுகில் எழுதினார்:
இருபது பார் ஐஸ். பாக்கி.
விடிகாலை நாலு மணி.
கீழே, நாளைக்குப் போகும் படகின் எண்.